வலிக்காத புண்

கடிதம் எண்: 4/2025
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
17 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை மணி 6.40

பொருள்: ஒரு புண் குறித்து விளக்கம் கோருதல்

அன்பிற்குரிய மைத்துனர் டாக்டர் கமலநாதன் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் அறுவைக்குப் பின் தாங்கள் கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடப்பதாக மாதவி சொன்னாள், மகிழ்ந்தேன். மருமகளாக வந்த நான்காம் ஆண்டில் தங்கள் மகள் இந்த வீட்டுக்கு ஒரு குழந்தையைத் தரப்போகிறாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது, உணவு செல்கிறது. என் மகன் குகன் வழக்கம்போல் ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலைக்குப் போய் வருகிறான். இன்று காலை என் இரத்த அழுத்தம் 138/84.

கைப்பேசியில் அனுப்பாமல் இதை அஞ்சலில் அனுப்பக் காரணம் உண்டு. தங்கள் கைப்பேசியை மனைவி தங்கமணி எடுத்துப் படிப்பது குடும்பம் அறிந்தது. என் கைப்பேசியில் மாதவிதான் மின்கட்டணம் செலுத்துகிறாள். வீட்டுத் தொலைபேசியோ கூடத்தில் இருக்கிறது. இச்செய்தி தங்களைத் தவிர வேறொருவர் கண்ணில் படக்கூடாது.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து திரும்பிக் குளித்தபோது, ஆணுறுப்பின் முன்தோலுக்குக் கீழே ஒரு புண் இருப்பது கவனத்துக்கு வந்தது. ஐந்து சென் நாணயத்தைவிடச் சிறியது. வட்டமானது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. வியப்பு என்னவென்றால், வலியும் இல்லை. அவ்வளவு மென்மையான இடத்தில் தோல் விலகியிருக்க, சோப்பு நுரை பட்டும் எரியவில்லை. காகிதம் கீறிய விரலே ஒரு நாள் முழுக்கக் கடுக்கும்போது இது ஏன் பேசாமல் இருக்கிறது? இத்தகைய புண்கள் எத்தனை வகைப்படும்? ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது எப்படி? மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு மூன்று நாள் தடவப்பட்டது; பயன் தெரியவில்லை.

தங்கள் பதிலை நோக்கியிருக்கும்,
சிவநேசன்

இணைப்பு:
1. முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை
2. களிம்பின் அட்டைப்பெட்டி
3. புண்ணின் வரைபடம், பென்சிலில், இரு மடங்கு அளவில்


கிள்ளான்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்கால் சொன்னபடி கேட்கிறது. தங்கமணிதான் கேட்பதில்லை, மாடிப்படி ஏறக்கூடாது என்று என்னைக் கீழ் அறையில் வைத்திருக்கிறாள். அங்கே எல்லாரும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி.

வரைபடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். முப்பது வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்ட கை அல்லவா, ஓரத்தில் அளவுகோல் வேறு போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படம் நிறையச் சொல்கிறது.

அந்த இடத்தில் புண் என்றால் உலகத்தில் அதிகம் காணப்படுவது ஹெர்பிஸ். அது வைரஸ். கொப்புளம் கொப்புளமாகக் கூட்டமாக வரும், எரியும். நீங்கள் எழுதியது அதுபோல் இல்லை. பாக்டீரியாவால் வருபவற்றில் சாங்க்ராய்டு என்று ஒன்று, நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில் துறைமுகத்து மாலுமிகளிடம் பார்த்தது. விளிம்பு கிழிந்ததுபோல் இருக்கும், அடியில் அழுக்காகச் சீழ், தொட்டால் ஆள் துள்ளுவார். இடுப்பு மடிப்பில் கட்டி பழுத்து உடையும். இப்போது அரிது. இன்னொன்றில் புண் வந்தது தெரியாமலே போய், பிறகு இடுப்பு மடிப்பு நெறிகட்டிப் பெரிதாக வீங்கும். டோனவன் கிருமியால் வருவது மாட்டிறைச்சிச் சிவப்பில் மெல்லப் பரவும், தொட்டால் இரத்தம் வரும், ஆனால் வலிக்காது. மிச்சம் இருப்பது சிபிலிஸ். ஒன்றே ஒன்று, வட்டம், சுத்தமான அடிப்பாகம், வலி கிடையாது. அந்தக் கிருமி உள்ளே வந்ததும் உடம்பு உடனே சண்டைக்குக் கிளம்புவதில்லை. எரிச்சல், சீழ், வலி எல்லாம் சண்டையின் சத்தம். இது சத்தம் போடாமல் நுழைகிற சாதி.

இது என் ஊகம். பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். விளிம்பைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாகவா? இடுப்பு மடிப்பில் உருண்டை தட்டுப்படுகிறதா? புண் தெரிவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் உறவு யாருடன்?

கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள், அத்தான். அக்கா போய் ஒன்பது வருடமாகிவிட்டது. எழுபத்து மூன்று வயதில் துணை தேடக்கூடாது என்று சட்டம் இல்லை. உங்கள் காலைநேர நடைப்பயிற்சிக் குழுவில் யாரோ ஒருவர் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். தங்கமணியிடம் சொல்ல மாட்டேன். களிம்பை மட்டும் நிறுத்துங்கள்.

மாதவியை இரும்புச்சத்து மாத்திரை மறக்காமல் போடச் சொல்லவும்.

அன்புடன்,
கமலநாதன்


கடிதம் எண்: 5/2025
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
26 பிப்ரவரி 2025, புதன்கிழமை, மாலை மணி 5.15

பொருள்: 22.2.2025 தேதியிட்ட தங்கள் கடிதத்துக்கு மறுமொழி

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கீழ் அறையில் இருப்பதே நல்லது. தங்கமணி செய்தது சரி. மாதவி இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறாள். நேற்று குழந்தை முதன்முதலாக அசைந்ததை உணர்ந்ததாகச் சொன்னாள். அவள் சொன்ன நேரத்தைக் குறித்துவைத்திருக்கிறேன்.

புண் ஒன்றே. விளிம்பை இரு விரலால் பிடித்தால், துணிக்குள் சட்டைப் பொத்தானைத் தொடுவதுபோல் கெட்டியாக இருப்பதாகத் தெரிகிறது. இடுப்பு மடிப்பின் இரு பக்கமும் கொண்டைக்கடலை அளவில் உருண்டைகள் உள்ளன. அவற்றிலும் வலி இல்லை. ஆகவே தங்கள் ஊகம் சரியென்றே படுகிறது.

நூலகத்துக்குச் சென்று சிறிது படித்தேன். முன்பு பாதரசத்தைப் பூசி வைத்தியம் செய்தார்களாம். பல் விழுந்ததே தவிர நோய் போகவில்லையாம். திருகாணிபோல் சுருண்ட அந்தக் கிருமியை இன்றும் ஆய்வுக்கூடத் தட்டில் சாதாரணமாக வளர்க்க இயலவில்லை என்றும் அறிந்தேன். உடம்புக்கு வெளியே வாழத் தெரியாத ஒன்று உலகம் முழுவதும் எப்படிப் பயணம் செய்தது என்பது எனக்கு மிகுந்த வியப்பு. கழிவறை இருக்கையாலோ துண்டாலோ பரவுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

உறவு யாருடன் என்ற வினாவுக்கு விடையளிக்கும் உரிமை எனக்கில்லை. நடைப்பயிற்சிக் குழுவைப் பற்றித் தாங்கள் எழுதியது பொருத்தமன்று. அதில் நான்கு பெண்மணிகள் உள்ளனர், நால்வரும் மரியாதைக்குரியவர்கள்.

மருத்துவரிடம் செல்வதில் தயக்கம் உள்ளது. பெயரைப் பதிவு செய்வார்கள். மேலும், புண் சிறிதாகி வருகிறது. தானே ஆறுவதற்கு எதற்கு மருத்துவம் என்பது இங்குள்ள கருத்து.

தங்கள்,
சிவநேசன்

இணைப்பு:
1. அஞ்சல்தலை ஒட்டிய உறை
2. வரைபடம் எண் 2


கிள்ளான்
3 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பேரனோ பேத்தியோ அசைந்த செய்தியைத் தங்கமணியிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும். உடனே மாதவிக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினாள். மற்றபடி எல்லாரும் நலம்.

நலமாக இல்லாதது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிதான். தானே ஆறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறும். மருந்தே இல்லாமல் சில வாரத்தில் தழும்புகூட இல்லாமல் போய்விடும். அதுதான் இந்த நோயின் கெட்டிக்காரத்தனம். வாசலில் செருப்பைக் காணோம் என்றால் விருந்தாளி போய்விட்டார் என்று அர்த்தமில்லை, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இரத்தத்தில் கலந்து சில வாரமோ மாதமோ கழித்து உடம்பெல்லாம் தடிப்பாக வரும், உள்ளங்கை உள்ளங்கால் உட்பட. அரிக்காது. அதுவும் போய்விடும். பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. சிலருக்கு அப்புறம் இதயத்திலும் மூளையிலும் வேலையைக் காட்டும். இத்தனைக்கும் ஆரம்பத்தில் பிடித்தால் பெனிசிலின் ஊசி ஒரு தடவை போட்டால் முடிந்தது. இவ்வளவு காலம் ஆகியும் அதற்கு மசிகிற கிருமி இது.

கழிவறை, துண்டு இதெல்லாம் இல்லை. புண் தோலில் பட வேண்டும்.

பங்சாரில் டாக்டர் மெஹ்ரின் இருக்கிறார். என்னிடம் வேலை பழகியவர், வாய் திறக்க மாட்டார். இரத்தம் எடுத்து இரண்டு விதமாகப் பார்ப்பார். எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம், கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு அப்படிக் கொதிக்கும்.

அந்தப் பெண்மணியின் பெயர் எனக்கு வேண்டாம். ஆனால் அவரிடம் சொல்லிவிடுங்கள். பெண்களுக்குப் புண் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. யாராவது வாய் திறந்து சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் பரிசோதனை செய்து மருந்து எடுக்கும்வரை உங்கள் வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

அன்புடன்,
கமலநாதன்


கடிதம் எண்: 7/2025
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை, காலை மணி 7.05

பொருள்: பரிசோதனையும் ஊசியும்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாமதத்துக்குப் பொறுத்தருள்க. (எண் 6 வடிகால் அடைப்புக் குறித்து மாநகராட்சிக்கு எழுதியது.) தங்கள் முழங்கால், தங்கமணியின் சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன். மாதவிக்கு ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று தங்கமணியும் நானும் தொலைபேசியில் முடிவு செய்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

மார்ச் 8, சனிக்கிழமை டாக்டர் மெஹ்ரினின் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கப்பட்டது. தாங்கள் சொன்னதுபோல் அந்த அம்மையார் அதிகம் பேசவில்லை. முடிவு 11ஆம் தேதி வந்தது. இரண்டு சோதனைகளும் சிபிலிஸை உறுதி செய்தன. முதல் சோதனையின் அளவு 1:32. எச்.ஐ.வி. இல்லை. 12ஆம் தேதி, புதன்கிழமை, இரு பிட்டத்திலும் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. அன்றிரவே காய்ச்சல், தலைவலி, குளிர். காலையில் ஒன்றுமில்லை. தாங்கள் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது கண்டு, வண்டி சரியான நேரத்துக்கு நடைமேடையில் வந்து நின்றதுபோன்ற நிறைவு எனக்கு உண்டாயிற்று. 1:32 என்பது எதை அளக்கிறது? அது எவ்வளவு காலத்தில் எவ்வளவு குறைய வேண்டும்?

பொது அறிவுக்காக இன்னும் ஒரு வினா. இந்நோய் கருவுற்ற ஒரு பெண்ணுக்கு வந்தால் என்ன ஆகும்? கருவுற்ற தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்திருந்தால் அதன்பின் கவலையில்லை என்று கொள்ளலாமா? அப்பெண்ணுக்கும் இதே ஊசிதானா? வேறு காரணம் சொல்லி அதைப் போட்டுவிட வழியுண்டா?

தங்கள்,
சிவநேசன்

இணைப்பு:
1. அஞ்சல்தலை ஒட்டிய உறை
2. வரைபடம் எண் 3 (புண் ஏறத்தாழ மறைந்த நிலை)
3. வளைகாப்பு அழைப்பிதழ், மாதிரிக்கு ஒன்று


கிள்ளான்
19 மார்ச் 2025

அத்தான்,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அத்தான் ஏன் இப்படிக் கடிதமாக எழுதித் தள்ளுகிறார் என்று தங்கமணி கேட்டாள். ஏதோ காய்ச்சல், பெனிசிலின் ஊசி போட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெனிசிலினா? அத்தானுக்கா? அவருக்குத்தான் அது ஆகாதே. பல்லு புடுங்கின அன்னிக்கு அந்த ஊசியப் போட்டு மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, மூச்சு விட முடியாம, ரெண்டு நாள் வார்டுல கெடந்தாரே. நீங்கதானே கூட இருந்தீங்க?"

இருந்தேன். மறந்துபோனேன். ஒரு டாக்டர் மறக்கக்கூடாததை மறந்து, உங்களைப் பெனிசிலினுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் போட்டிருந்தால் நீங்கள் எழுந்து உட்கார்ந்து 7.05க்கு எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். அப்படியானால் அந்த ஊசி யார் உடம்பில் போனது?

மூன்று கடிதத்தையும் எடுத்து மறுபடியும் படித்தேன். எதிலும் புண் 'எனக்கு' என்று நீங்கள் எழுதவில்லை. நான்தான் கேலி செய்துகொண்டு போயிருக்கிறேன். பிறகு அந்தப் பொது அறிவுக் கேள்வியைப் படித்தேன். உங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர்தான். கர்ப்பிணி ஒரே ஒருத்திதான்.

உடனே வீட்டு போனுக்கு அடித்தேன். மாதவி எடுத்தாள். "அப்பா, என்ன இந்நேரத்துல? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்றேன். ஜில்லென்று செண்டோல் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது, மாமா வாங்கப் போயிருக்கிறார் என்றாள். வைத்துவிட்டேன்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பி உட்கார்ந்தேன். நான் வந்து நின்றால் என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடிப்பாள். அப்பா முகத்திலிருந்து அவள் இதைத் தெரிந்துகொள்ளக்கூடாது. செய்தவன் வாயிலிருந்து கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. மெஹ்ரினிடம் பேசினேன். "சார், நீங்க கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றார். நான் பழக்கிய பிள்ளை, சரியாகத்தான் பழகியிருக்கிறது.

1:32 என்றால் இரத்தத்தை முப்பத்திரண்டு மடங்கு நீர்த்த பிறகும் நோய் தெரிகிறது என்று அர்த்தம். மற்றக் கேள்விக்குப் பதில். முதல் பரிசோதனைக்குப் பிறகு தொற்றினால் அந்தப் பரிசோதனை செல்லாது. குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். குறைமாதத்தில் பிறக்கலாம். நோயோடு பிறக்கலாம். பெனிசிலின் போட்டால் பெரும்பாலும் இரண்டு பேரையும் காப்பாற்றலாம். வேறு காரணம் சொல்லிப் போட வழியில்லை. அவள் உடம்பு, அவள் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குகன் அவளிடம் சொல்ல வேண்டும்.

கமலநாதன்


கடிதம் எண்: 8/2025
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
21 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி 2.30

பொருள்: விளக்கமும் ஒரு வேண்டுகோளும்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் என் நலம் விசாரிக்காதது நியாயமே. தங்கள் நலத்தை நான் விசாரிப்பதும் இப்போது பொருந்துமா என்று தெரியவில்லை, இருப்பினும் விசாரிக்கிறேன்.

தாங்கள் கண்டறிந்தது சரி. பிப்ரவரி 11 இரவு குகன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "அப்பா, அம்மா இருந்திருந்தா உங்ககிட்ட வந்திருக்க மாட்டேன்" என்றான். சனவரியில் நிறுவனம் அவனைப் பத்து நாள் ஜொகூருக்கு அனுப்பியது தங்களுக்குத் தெரியும். அங்கே நடந்ததை அவன் சொன்னான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஆனால் மாமாவுக்குத் தெரியவே கூடாது என்றான். இரண்டும் எப்படிச் சேரும் என்று யோசித்தேன். யாருக்கு என்று எழுதாமல் விட்டால் தாங்கள் எனக்கென்று எடுத்துக்கொள்வீர்கள் என்று தோன்றியது. அவ்வாறே நடந்தது. தங்கள் கேலி என்மேல் விழுந்தவரை மாதவிக்கு அவமானம் இல்லை என்று இருந்தேன்.

டாக்சிசைக்ளின் மாத்திரை என்று எழுதியிருந்தால் தாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். பெனிசிலின் ஆகாதவருக்கு அதுதான் மருந்து என்று படித்திருந்தேன். ஆனால் நடக்காததை நடந்ததாகத் தேதியிட்டு எழுத என் கை ஒப்பவில்லை.

இப்போது வேண்டுகோள். வளைகாப்புக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது. இருநூறு பேருக்கு அழைப்பு போய்விட்டது. ஈப்போவிலிருந்தும் கோலப்பிலாவிலிருந்தும் உறவினர் வருகிறார்கள். அதற்குள் அவளிடம் சொன்னால் அவள் எப்படி மணையில் உட்காருவாள்? வளைகாப்பு முடிந்த மறுவாரம் நிச்சயம் சொல்வதாகக் குகன் என் முன் வாக்களித்தான். டாக்டர் மெஹ்ரின் கொடுத்த துண்டறிக்கையில், பிரசவத்துக்கு முப்பது நாளுக்கு முன்பாக ஊசி போட்டுவிட வேண்டும் என்று உள்ளது. பிரசவத் தேதி ஜூலை 12. ஆகவே ஜூன் 12 வரை அவகாசம் உண்டு. ஏப்ரல் 27க்குள் முடித்துவிட்டால் கணக்குப்படி ஆறு வாரம் மிச்சமிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு குகன் கூடத்தில் தனியே படுக்கிறான். வெப்பம் தாங்கவில்லை என்று அவளிடம் காரணம் சொல்லியிருக்கிறான்.

தாங்கள் கருணை காட்ட வேண்டும்.

தங்கள்,
சிவநேசன்

இணைப்பு:
1. அஞ்சல்தலை ஒட்டிய உறை
2. துண்டறிக்கையின் நகல், குறிப்பிட்ட வரி அடிக்கோடிடப்பட்டது


கிள்ளான்
24 மார்ச் 2025

அத்தான்,

முதலில், ஒரு மாதமாக உங்களை நடைப்பயிற்சிக் குழுவோடு சேர்த்து ஓட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். என் மகளுக்காக இருந்தீர்கள் என்பதும் புரிகிறது. தங்கமணி என்னை எவ்வளவு நச்சரித்தும் இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான் என் சுகம்.

நீங்கள் அடிக்கோடிட்ட வரியைப் பார்த்தேன். அத்தான், அது கடைசி ரயில் புறப்படுகிற நேரம். பயணி எப்போது வந்தால் போதும் என்று சொல்கிற நேரம் அல்ல. மாதவிக்குத் தொற்றியிருந்தால் அந்தக் கிருமி நஞ்சுக்கொடி வழியாக இன்றைக்கே போகும், நாளைக்கும் போகும். எந்த வாரத்தில் குழந்தையைத் தொடும் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. ஆறு வாரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு வாரமும் உங்களுடையது அல்ல, உள்ளே இருக்கிற பிள்ளையுடையது.

வளைகாப்பைப் பற்றிச் சொன்னீர்கள். அன்றைக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துச் சந்தனம் தடவி வளையல் ஏற்றுவார்கள். இந்த நோய்க்குத் தடிப்பு வருகிற இடங்களில் ஒன்று உள்ளங்கை. இருநூறு பேர் நடுவில் யாராவது ஒரு அத்தை, "என்னடி இது கையெல்லாம்?" என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். நமக்கு மூன்று பேருக்கும் தெரியும். அதைவிடக் கொடுமை, கையில் ஒன்றும் இல்லாமலே உள்ளே நடந்துகொண்டிருப்பது.

டாக்டராக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியவன், வேறு ஆள் பெயரில் வந்தாலும் ரகசியம் ரகசியம்தான். அப்பாவாக முடியவில்லை. 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்சி பிடித்து வருவேன். அதற்குள் குகன் பேசியிருந்தால் அவளோடு மெஹ்ரினிடம் போவேன். பேசியிருக்காவிட்டால் நானே சொல்வேன்.

கமலநாதன்


கடிதம் எண்: 9/2025
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
4 ஏப்ரல் 2025, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.20

பொருள்: 27.3.2025 முதல் இன்றுவரை நிகழ்ந்தவை

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை காலை "அப்பா, இன்னிக்கு வராதீங்க, நானே கூப்பிடுறேன்" என்று மாதவி தொலைபேசியில் சொன்னபோது தாங்கள் வேறொன்றும் கேட்காமல் சரி என்றதற்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். அதன்பின் இந்த ஒரு வாரம் தாங்கள் எப்படி உறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாது. நடந்ததைத் தங்களுக்கு எழுதும்படி அவளே சொன்னதால் எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் 26ஆம் தேதி வந்தது. அதைக் குகன் கையில் கொடுத்தேன். உள்ளங்கையைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தான். மறுநாள் வேலையிலிருந்து திரும்பியதும் அறைக்குள் போய் அவளிடம் சொன்னான். நான் கூடத்தில் இருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து அவள் மட்டும் வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, தைப்பூசத்தன்று இரவு என்றேன்.

"தேதியெல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க லா, மாமா. அதுல ஒரு நாள்கூடவா என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

நோய் எப்படி நுழைகிறது, ஏன் வலிப்பதில்லை, எண் எதை அளக்கிறது என்றெல்லாம் தங்களைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் அடுத்த அறையில் இருந்தாள்.

மறுநாள் மருத்துவமனைக்குக் குகன் வருவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். என்னைப் பார்த்து, "நீங்க வாங்க. வழி முழுக்க ஒண்ணும் பேசாம வர்றதுக்கு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள். போனேன்.

டாக்டர் மெஹ்ரின் அவளை உள்ளே அழைத்துப் பரிசோதித்தார். புண் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நோன்புப் பெருநாளுக்காக மருத்துவமனை மூன்று நாள் மூடப்போவதால், இரத்தம் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஊசி போட்டுவிடுவதே முறை என்றார். கணவனுக்கு உறுதியானபின் மனைவிக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம். மாதவிக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இல்லை என்பதை மூன்று விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். காய்ச்சல் வந்தால் வயிறு இறுகக்கூடும் என்பதால் மாலைவரை அங்கேயே படுக்கவைத்தார். நான் வெளி நாற்காலியில் இருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "வயித்துல இருக்கறதுக்கு ஊசி வலிக்குமா, டாக்டர்?" வலிக்காது என்று அவர் சொன்னதும்தான் அழுதாள் என்று தாதி என்னிடம் சொன்னார். காய்ச்சல் லேசாக வந்து போயிற்று.

நேற்று முடிவு வந்தது. அவளுக்கும் தொற்றியிருக்கிறது, அளவு 1:16. எச்.ஐ.வி. இல்லை. நேற்றே ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் கல்லீரல் வீங்கவில்லை, வயிற்றில் நீர் சேரவில்லை, நஞ்சுக்கொடி தடிக்கவில்லை. இதயத்துடிப்பு ஒழுங்காக உள்ளது. கர்ப்பிணி என்பதால் ஒன்றோடு விடாமல் இன்று காலை இரண்டாவது ஊசியும் போடப்பட்டது. மாதந்தோறும் அவளுக்கு இரத்தம் பார்ப்பார்கள். பிறந்ததும் குழந்தைக்கும் பார்ப்பார்கள். காலத்தோடு வந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன், ஆனால் பிறந்த பிறகே உறுதியாகச் சொல்வேன் என்பது டாக்டர் மெஹ்ரினின் சொல். ஜொகூரில் உள்ளவருக்கும் செய்தி சொல்லிப் பரிசோதனைக்குப் போகச் சொன்னதாகக் குகன் தெரிவித்தான். அவன் கூடத்தில்தான் படுக்கிறான். இப்போது காரணம் எதுவும் சொல்வதில்லை.

வளைகாப்பு அழைப்பை நிறுத்திவிடலாமா என்று அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். குறித்த நாளில் மணையில் உட்காருவாளாம், வளையல் போட்டுக்கொள்வாளாம், முடிந்ததும் வழக்கப்படி தாய்வீட்டுக்கு, தங்களோடு கிள்ளானுக்கு வந்துவிடுவாளாம். ஊரார் பார்வையில் அதில் ஒரு குறையும் இராது. பிரசவம் முடிந்து எந்த மாதம் அழைத்துவரலாம் என்று, தொட்டிலை எங்கே கட்டுவது என்ற நினைப்பில் கேட்டுவிட்டேன்.

"தேதி வைக்கல, மாமா" என்றாள்.

பெட்டியை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாள். தங்கமணியிடம் தானே சொல்வதாகவும், அதுவரை தாங்கள் சொல்ல வேண்டாம் என்றும் தெரிவிக்கச் சொன்னாள்.

தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

தங்கள்,
சிவநேசன்

இணைப்பு:
1. மாதவியின் இரத்தப் பரிசோதனை முடிவு, 3.4.2025, நகல் (அவள் அனுமதியுடன்)
2. ஸ்கேன் படம், ஒன்று
3. மாதவி தன் தந்தைக்கு எழுதிய கடிதம், அவளே ஒட்டிய உறையில். உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது.